காசு என்றால் காது என்று வருகிறதா?



போன இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இம்முறை அவர்களின் வாயெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

கடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்து, "காசு கொடுத்துச் சீனி வாங்கினேன்" என்று சொல்வதற்குப் பதிலாக, "காது கொடுத்துத் தீனி வாங்கினேன்" என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். சொன்னது மூன்று வயதுப் பிள்ளையானால் அள்ளி முத்தம் கொடுப்போம். மழலைச் சொல்லின் இனிமையை வள்ளுவரே பாடி வைத்திருக்கிறார் அல்லவா? ஆனால் சொன்னவனுக்கு வயது 12 என்றால்? அப்போதும் நாம் சிரிக்கிறோம். அந்த நேரத்தில் அவன் முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பல காலம் பார்த்ததில்லை. அதனால் ஒரு தவறு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் அவன் என்னைச் 'சார்' என்று கூப்பிட்டால் அது 'தார்' என்று வரும். ரோட்டில் ஊற்றும் தார்! பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். ஒரு நாள் திருத்திவிடலாம் என்று நினைத்து, அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "பத்து தடவை சரியாகச் சொல்லு" என்றேன். பத்து தடவையும் 'தார்' என்றுதான் வந்தது. பதினோராவது தடவை வரவேயில்லை. அன்றிலிருந்து அவன் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பான்.

பிறகு அவன் தாயார் சொன்ன ஒரு செய்திதான் என் கண்ணைத் திறந்தது. அவன் பெயரே 'ச' என்ற எழுத்தில்தான் தொடங்குகிறது. யாராவது பெயரைக் கேட்டால் வாயைத் திறக்காமல், புதிதாக எடுத்த அடையாளக் கார்டை நீட்டுகிறானாம். "பேரு கூட சொல்ல மாட்டேங்கிறான் சார், ஊமைன்னு நெனச்சுக்கிறாங்க" என்று அந்த அம்மா கண் கலங்கினார். பக்கத்திலிருந்த பாட்டி, "அது பரம்பரை தம்பி. அவுங்க தாத்தாவும் சாகுற வரைக்கும் அப்படித்தான் பேசுனாரு" என்றார்.

தாத்தா அப்படிப் பேசியதால் பேரனும் அப்படியே பேசித்தான் தீர வேண்டுமா? வேண்டியதில்லை. பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேலும் இதைத் திருத்தலாம். பெரியவர்களும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் செய்தது போல 'சரியாகச் சொல்லு, சரியாகச் சொல்லு' என்று மிரட்டினால் ஒரு நாளும் வராது. அதற்கென்று ஒரு படிமுறை இருக்கிறது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

நாம் 'சட்டை', 'பசி' என்று சொல்லும்போது நாக்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்தை ஒட்டி நிற்கின்றன. நாக்கின் நடுவே மெல்லிய கால்வாய் போல ஒரு பள்ளம் விழுகிறது. காற்று அந்தக் கால்வாய் வழியே ஓடி, முன்பற்களில் மோதி, 'ஸ்' என்று சீறுகிறது. அப்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஏறக்குறைய சேர்ந்திருக்கும். நாக்கின் நுனி சிலருக்கு மேல் பற்களுக்குப் பின்னால் நிற்கும். சிலருக்குக் கீழ்ப் பற்களுக்குப் பின்னால் நிற்கும். இரண்டும் சரிதான். நாக்கு பல்லுக்கு வெளியே வரக்கூடாது என்பதுதான் முக்கியம்.

நாக்கு பற்களுக்கு நடுவே நீண்டுவிட்டால் சீறல் மழுங்கி, 'த' போலக் கேட்கிறது. அதனால்தான் சந்தை தந்தையாகிறது, ஊசி ஊதியாகிறது. இது முதல் வகை. இரண்டாவது வகையில் நாக்கு வெளியே வராது. ஆனால் காற்று நடுக்கால்வாயில் ஓடாமல் கன்னத்துப் பக்கமாக வழிந்துவிடும். வாயில் எச்சில் நிறைந்தது போலச் சளசளவென்று கேட்கும்.

ஒவ்வோர் எழுத்தும் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று நம் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே எழுதி வைத்தார். சகரம் பிறக்க ஓரிடம், தகரம் பிறக்க வேறோர் இடம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் பிள்ளையின் நாக்கு இந்த இரண்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வைத்துப் பழகிவிட்டது. நாக்குக்குப் புது இடத்தைக் காட்டிப் பழக்கிவிட வேண்டும். நம் வேலை அவ்வளவுதான். இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், ஆங்கிலம் என்று பல மொழி பேசுவதாலும் இது வருவதில்லை. 'தமிழை நிறுத்தினால் நாக்கு சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

நான்கைந்து வயது வரை இப்படிப் பேசுவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்திருக்கும்போது சில மாதங்கள் இப்படி வரலாம். பல் முளைத்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியும் நிற்கிறது என்றால் 'வளர்ந்தால் போய்விடும்' என்று காத்திருப்பதில் பயனில்லை. காற்று பக்கவாட்டில் வழியும் இரண்டாவது வகை தானாகப் போவது அரிது. அதற்கு எந்த வயதிலும் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சிக்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது காது. 'ஸ்' என்பது மெல்லிய, உயர்ந்த ஒலி. காது கொஞ்சம் மந்தமானாலும் முதலில் நழுவிப் போகும் ஒலிகளில் இதுவும் ஒன்று. காதில் சீழ் வடிந்த பிள்ளை, டி.வி.யைச் சத்தமாக வைக்கும் பிள்ளை என்றால் கட்டாயம் காதைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது மூக்கு. எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு முன்னால் வந்தே கிடக்கும். மூன்றாவது பல். விரல் சூப்பிச் சூப்பி முன்பற்கள் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் பையனின் தாயாரையும் அவனையும் நான் முதலில் அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். அங்கே கொடுத்த கடிதத்தோடு ஒரு காலையில் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனுக்குப் போய் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தோம். காது நன்றாக இருந்தது. பிறகு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்தோம். மலாயில் இவர்களை 'ஜுருபுலே பெர்துதூரான்' என்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. 'தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பேச்சை எப்படித் திருத்துவார்?' என்று அந்த அம்மா தயங்கினார். அந்தப் பயிற்சியாளரோ, "தமிழில் இந்த ஒலி வரும் சொற்களை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். 'சாயா', 'சூசூ', 'நாசி' என்ற மலாய்ச் சொற்களிலும், 'சிக்ஸ்', 'பஸ்' என்ற ஆங்கிலச் சொற்களிலும், நம் 'சோறு', 'காசு' என்ற சொற்களிலும் இருப்பது ஒரே ஒலிதானே! ஒன்றில் திருந்தினால் மூன்றிலும் திருத்த வழி பிறந்துவிடும்.

அடுத்த சந்திப்புக்குச் சில வாரங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் பயிற்சி கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். அந்தப் படிகளை இங்கே எழுதுகிறேன். இவை நானாகக் கண்டுபிடித்தவை அல்ல. அமெரிக்காவில் சார்ல்ஸ் வான் ரைப்பர் என்ற பேராசிரியர் 1939இல் பேச்சுத் திருத்தம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரே திக்குவாயால் துன்பப்பட்டவர். முதலில் காது, பிறகு தனி ஒலி, பிறகு அசை, சொல், வாக்கியம், பேச்சு என்று அவர் வகுத்த வரிசையை இன்றும் உலகெங்கும் பயிற்சியாளர்கள் பின்பற்றுகிறார்கள்.

முதல் படி: காது

முதல் சில நாட்கள் பிள்ளையைப் பேசவே சொல்லாதீர்கள். நீங்கள் பேசுங்கள், அவன் கேட்கட்டும். காசு–காது, சீனி–தீனி, சந்தை–தந்தை, பாசி–பாதி, வீசி–வீதி என்று இரட்டைச் சொற்களைக் கலந்து சொல்லுங்கள். 'ஸ்' ஒலி வரும்போது மட்டும் அவன் கை தூக்க வேண்டும். பிறகு நீங்களே வேண்டுமென்று தப்பாக, "தோறு தாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அவன் உங்களைத் திருத்தட்டும். எப்போதும் திருத்தப்படுகிற பிள்ளைக்கு நம்மைத் திருத்துவதில் எவ்வளவு சந்தோஷம் என்று பாருங்கள்! தப்பைக் காதால் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வாயில் பிடிக்கத் தெரியும்.

இரண்டாம் படி: தனி ஒலி

இப்போது அப்பா முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையும் நீங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். இந்த இடத்தில் ஒரு ரகசியம். 'சட்டையில் வரும் ச-வைச் சொல்லு' என்று கேட்டால் பழைய பழக்கம் ஓடி வந்து நிற்கும். ஆகவே புது ஒலிக்குப் புதுப் பெயர் வையுங்கள். சைக்கிள் டயரில் காற்று இறங்கும் சத்தம் என்று எங்கள் பையன் பெயர் வைத்தான். அந்த ஒலியை வரவழைக்க மூன்று வழிகள் உண்டு. எது எளிதாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: 'டீச்சர்' என்ற சொல்லின் முதலில் வரும் ஒலி. நாக்கு நுனி மேல் பற்களுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டைத் தொடும். குரல் எழுப்பாமல், மூச்சு மட்டும் வர, 'ட்... ட்... ட்...' என்று தட்டச் சொல்லுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டி, கடைசியில் காற்றை நீட்டி விடச் சொல்லுங்கள்: 'ட், ட், ட்ஸ்ஸ்ஸ்'. 'நோட்ஸ்' என்ற சொல்லின் வால் அது. வால் நன்றாக வந்த பிறகு 'ட்'டை விட்டுவிடலாம்.

இரண்டு: 'ஈ' என்று நீட்டச் சொல்லுங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடுவது அவனுக்கே தெரியும். நாக்கை அப்படியே வைத்து, குரலை நிறுத்தி, பற்களைச் சேர்த்து, காற்றை மட்டும் விடச் சொல்லுங்கள். காற்று பக்கவாட்டில் போகும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

மூன்று: 'ஷ்ஷ்... சத்தம் போடாதே' என்போமே, அந்த 'ஷ்' நன்றாக வருகிற பிள்ளை என்றால், குவிந்த உதட்டைச் சிரிப்பது போல விரித்து, நாக்கைக் கொஞ்சம் முன்னே கொண்டு வரச் சொல்லுங்கள். பற்கள் சேர்ந்தே இருக்கட்டும். 'ஷ்' தேய்ந்து 'ஸ்' ஆகும்.

மூன்றிலும் பற்கள் வாசற்கதவு. நாக்கு வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை. கதவைத் தாண்டி வெளியே வரக்கூடாது. காற்று நடுவில்தான் போகிறதா என்று பார்க்க, தண்ணீர் உறிஞ்சும் ஸ்ட்ரோ ஒன்றை முன்பற்களுக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் வந்தால் ஸ்ட்ரோவுக்குள் காற்றுச் சத்தம் கேட்கும். பக்கவாட்டில் போனால் கேட்காது. ஸ்ட்ரோவைக் கன்னத்துப் பக்கம் நகர்த்தினால்தான் கேட்கும். பிள்ளைக்குத் தன் தப்பும் சரியும் தானே தெரிந்துவிடும். நீங்கள் திட்ட வேண்டிய வேலை இல்லை.

எங்கள் பையனுக்கு முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் 'ட்ஸ்' என்று வந்தது. அவன் கண்ணாடியைப் பார்த்துத் தானே திடுக்கிட்டானாம். தாயார் இதைச் சொல்லும்போது அழுதுகொண்டே சிரித்தார்.

மூன்றாம் படி: அசை

தனி ஒலி நின்றுவிட்டதா? உடனே சொல்லுக்குத் தாவாதீர்கள். 'ஸ்ஸ்... ஆ', 'ஸ்ஸ்... ஈ', 'ஸ்ஸ்... ஊ' என்று நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்லட்டும். பிறகு இடைவெளியைக் குறைத்துக் குறைத்து 'ஸா, ஸீ, ஸூ' என்று சேர்க்கட்டும். அடுத்து 'ஆஸ், ஈஸ், ஊஸ்'. அடுத்து 'ஆஸா, ஈஸீ'. பத்தில் எட்டு சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வரவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்குவது தோல்வி அல்ல.

நான்காம் படி: சொல்

முதலில் வரும் சொற்கள்: சோறு, சாமி, சீப்பு, சேவல், சாத்து, மலாயில் சுங்கை, செகோலா. நடுவில் வருபவை: பசி, ஊசி, தோசை, மீசை, நாசி. கடைசியில் வருபவை: பஸ், கிளாஸ், பெராஸ், மானிஸ். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். படம் வரைந்து அட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாயார் ஓர் அழகான உபாயம் செய்தார். ஒரு கிண்ணத்தில் 20 புளியங்கொட்டை. ஒரு சொல் சரியாக வந்தால் ஒரு கொட்டையை அவன் மறுகிண்ணத்துக்கு மாற்றலாம். தப்பாக வந்தால் ஒன்றும் சொல்வதில்லை. கொட்டை அங்கேயே இருக்கும். கிண்ணம் மாறியதும் அன்றைய பாடம் முடிந்தது. பேரன் கொட்டை மாற்றுவதைப் பார்த்த பாட்டியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். பரம்பரை என்று சொன்ன வாய், "இன்னும் ரெண்டு கொட்டைதான்யா" என்று எண்ணத் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் படி: வாக்கியமும் பேச்சும்

"சேவல் சோளம் தின்னுது", "பசிக்குது, தோசை சுடுங்க", "ஆசையாச் சீனி வாங்கினேன்" என்று வீட்டில் புழங்கும் சிறு வாக்கியங்களைச் சொல்லட்டும். பிறகு பாடநூலில் நான்கு வரி வாசிக்கட்டும். 'ச' வரும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள்.

பேச்சுக்கு வரும்போதுதான் பெரும்பாலோர் தவறு செய்கிறோம். நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவுச் சோறு சாப்பிடும்போது ஐந்து நிமிடம், அல்லது பஸ் நிற்கும் இடம் வரை நடக்கும் நேரம். அந்த நேரத்தில் மட்டும் அவன் கவனமாகப் பேச வேண்டும். தப்பு வந்தால் நீங்கள் பேசாமல் உங்கள் காதைத் தொடுங்கள். அது உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சாடை. மற்ற நேரங்களில் அவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேளுங்கள்; எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டுவிடுங்கள். வாரம் போகப் போக நேரத்தைக் கூட்டுங்கள். பிறகு கடையில் ஒரு சாமான் கேட்கட்டும், மாமாவுக்கு டெலிபோனில் பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதை விட, தினமும் ஐந்து நிமிடம் இரண்டு வேளை செய்வது நல்லது. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். பன்னிரண்டு வருஷப் பழக்கம் பன்னிரண்டு நாளில் போய்விடாது.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. அவனுக்கே விருப்பம் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளையைப் போல ஏமாற்றிச் செய்ய வைக்க முடியாது. 'உனக்கு இதை மாற்றிக்கொள்ள ஆசை இருக்கிறதா?' என்று முதலில் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள். தம்பி தங்கச்சிகளை அந்த நேரத்தில் வெளியே அனுப்புங்கள்.

செய்யக் கூடாதவை

வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்லாதீர்கள். கிரேக்க நாட்டில் டெமோஸ்தனிஸ் என்ற பேச்சாளர் அப்படிச் செய்ததாகப் புளூட்டார்க் எழுதிவைத்த கதையைக் கேட்டுவிட்டுச் சிலர் இன்னும் செய்கிறார்கள். கல் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நாக்கில் வசம்பு தடவினால் இது திருந்தாது. இது பழக்கக் கோளாறே தவிர, நாக்குத் தடிப்பு அல்ல. 'நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை வெட்டிவிட்டால் சரியாகும்' என்று அக்கம்பக்கத்தார் சொல்லலாம். 'ஸ்' ஒலிக்குப் பெரும்பாலும் அது காரணமல்ல. டாக்டரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம். பலூன் ஊதுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது போன்ற வெறும் பயிற்சிகளால் ஒலி திருந்துவதாகத் தக்க சான்று இல்லை. பேச்சைத் திருத்த ஒலியைத்தான் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவனைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்காதீர்கள். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் உறவினர் முன்னால், "எங்கே, சர்க்கரைன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். ஆசிரியரான நானே அதைத்தான் செய்தேன். அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

யாரிடம் போவது?

வீட்டுப் பயிற்சியில் ஒரு மாதம் ஆகியும் தனி ஒலியே வரவில்லை, அல்லது காற்று பக்கவாட்டில் போகிறது, அல்லது 'ச' மட்டுமின்றிப் பல எழுத்துகள் தடுமாறுகின்றன என்றால் பயிற்சியாளரிடம் போக வேண்டும். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, பேச்சுப் பயிற்சிக்குக் கடிதம் கேளுங்கள். பினாங்கில் ரெசிடென்சி ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடிதத்தோடு போகலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம் நாட்டிலேயே இந்தப் படிப்பைக் கோலாலம்பூரில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. அதற்கு முன் வெளிநாடு போய்த்தான் படித்து வர வேண்டும். இந்தியாவில் மைசூரில் 1965இலேயே பேச்சுக்கும் செவிக்கும் என்று தனி நிலையம் அமைத்துவிட்டார்கள். இன்றும் நம் நாட்டில் தமிழ் பேசும் பயிற்சியாளர்கள் அதிகம் இல்லை. நம் பிள்ளைகளில் யாராவது அந்தப் படிப்புக்குப் போனால் நல்லது.

தனியாரிடம் பணம் கட்டிப் போவதென்றால், 2016ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது ஏழைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் இதே 'ஸ்' ஒலியில்தான் தடுமாற்றம். 1897இல், இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இளைஞராக இருந்தபோது, லண்டனில் பேர் பெற்ற தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனார். நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை, பயிற்சியும் விடாமுயற்சியும்தான் மருந்து என்று அவர் சொல்லி அனுப்பினார். சர்ச்சில் 'ஸ்' நிறைந்த வாக்கியத்தை நடந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினாராம். ஒலி முழுதாக அவருக்கு வசப்படவில்லை. ஆனாலும் அவர் பேச்சை உலகமே காது கொடுத்துக் கேட்டது.

எங்கள் பையன் கதையை முடித்துவிடுகிறேன். பயிற்சி தொடங்கிய முதல் வாரமே நான் அவனைத் தனியாக அழைத்து, "அன்றைக்கு உன்னை வகுப்பில் நிறுத்தியது என் தப்பு. மன்னித்துக்கொள்" என்று சொன்னேன். வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏழெட்டு மாதம் ஆயிற்று. இப்போது அவன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். கோபம் வந்தாலும், வேகமாகப் பேசினாலும் இன்னும் பழைய ஒலி எட்டிப் பார்க்கிறது. முதல் நாள் பதிவுக்குப் போனபோது மேசையில் இருந்தவர் பெயரைக் கேட்டாராம். தாயார் பழக்கத்தில் பையைத் திறந்து கார்டைத் தேடியிருக்கிறார். அதற்குள் அவனே தன் பெயரைச் சொல்லிவிட்டான். "முழுப் பேரையும் சொன்னான் சார், அப்பா பேரையும் சேர்த்து" என்றார் அந்த அம்மா.

போன மாதம் சுங்கை பாக்காப் கடைத்தெருவில் நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "சார்!" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அவன்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காசு–காது விளையாட்டை நீங்கள் முதலில் தொடங்குங்கள். தப்பாகச் சொல்வது உங்கள் முறை. திருத்துவது அவன் முறை.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.